எந்த ஷாம்பு என்பதற்கு முன், தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். பொள்ளாச்சி – உடுமலை ரோட்டில் இரண்டு வருடமாக கார் வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். நாளுக்குப் பதினைந்து வண்டி வரும். உதவிக்கு இரண்டு தம்பிகள். ஷாம்பு கோவையில் இருந்து 35 லிட்டர் கேனாக வாங்குகிறேன், லிட்டர் 45 ரூபாய். மாதம் இரண்டு கேன் ஆகிறது. வீலுக்கு 'ஆசிட்', இன்ஜினுக்கும் அடிப்பாகத்துக்கும் டீசல். கழுவிய தண்ணீர் பின்னால் தென்னந்தோப்பு வாய்க்காலில் போகும். மழை பெய்தால் பக்கத்துத் தோட்டத்து அம்மா வந்து, கிணற்று ஓரம் வரை நுரை நிற்கிறது என்று சத்தம் போடுகிறார். தம்பிகளுக்குக் கை தோல் உரிகிறது. போன வாரம் ஒரு சேல்ஸ்மேன் 'நூறு சதவீதம் ஆர்கானிக், எகோ ஃப்ரெண்ட்லி' என்று ஒரு ஷாம்பு காட்டினார். லிட்டர் 220 ரூபாய். மாற்றலாமா? மாற்றினால் கட்டுப்படியாகுமா? பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பயன்படுத்தினால் போதும் என்கிறார் மாமா. அது சரியா?
– பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

பதில்: அன்புள்ள தம்பி,

டிடர்ஜென்ட் தயாரிக்கும் வேலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். ஷாம்புவைப் பற்றித்தான் பெரிதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத சொல் 'ஆசிட்'. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

வீல் ஆசிட் என்று லேபிள் இல்லாத கேனில் வருவதில் பல வகை உண்டு. சிலதில் ஆக்ஸாலிக், சிலதில் ஹைட்ரோகுளோரிக். மோசமானது ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அதைத் தண்ணீரில் உண்டாக்கும் அமோனியம் பைஃபுளோரைடோ கலந்தது. பிரேக் தூசியும் துருக்கறையும் நொடியில் போய்விடும், அதனால்தான் விற்கிறது. நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் கையில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் வலி வரும். அதற்குள் ஃபுளோரைடு தோலைக் கடந்து உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகமாகப் பட்டால் இதயத்துடிப்பு தடுமாறும் அளவுக்குப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் கம்பெனியே இப்படி ஒரு வீல் கிளீனர் செய்தது. அதைக் கலக்கும் பொறுப்பு எனக்கு. அதை வாங்கிய ஒரு வாஷ் கடைப் பையன் கையுறை இல்லாமல் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, ராத்திரி நகக்கண் வலிக்கிறது என்று அழுதபடி ஆஸ்பத்திரிக்குப் போனான். என்ன பட்டது என்று அவனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கேனில் எழுதியிருக்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத கேனை யார் வாங்கினாலும் தடுத்துவிடுவேன்.

ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்ததும் அந்த ஆசிட்டை எடுத்து மூடி வையுங்கள். வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள், விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். தம்பிகள் இருவரையும் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள், கேனில் என்ன இருந்தது என்று விற்றவரிடம் கேட்டு எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ஃபுளோரைடு என்று தெரிந்தால் அதற்குக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் என்று தனி மருந்து இருக்கிறது. வீலைச் சுத்தம் செய்ய உங்களுக்கு ஆசிட் தேவையே இல்லை. நல்ல ஷாம்புக் கரைசலில் ஊறவிட்டு, பிரஷ் போட்டால் பத்தில் எட்டு வீல் சுத்தமாகிவிடும். உப்புத் தண்ணீர்க் கறை படிந்ததற்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். சிட்ரிக் என்றாலும் அலாய் வீலில் காயவிடாமல் உடனே கழுவிவிட வேண்டும், கையுறையும் வேண்டும்.

சரி, இப்போது ஷாம்புவுக்கு வருவோம். இங்கே நான் கேள்வியைக் கொஞ்சம் திருப்புகிறேன். ஒரு கெமிக்கல் நல்லதா கெட்டதா என்பதைக் கேனை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் தண்ணீர் எங்கே போகிறது, எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்ற இரண்டும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக் கடைக்கு ஒரு பதில். தோப்புக்கும் கிணற்றுக்கும் நடுவே இருக்கும் உங்கள் கடைக்கு வேறு பதில்.

லிட்டர் 45 ரூபாய் ஷாம்புவில் பெரும்பாலும் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். அழுக்கு எடுக்கும் மூலப்பொருள் ஒன்று, தொழிலில் 'ஆசிட் ஸ்லரி' என்போம். அதைக் காஸ்டிக் சோடா போட்டு நடுநிலையாக்கி, நுரைக்குக் கொஞ்சம் எஸ்.எல்.இ.எஸ். என்ற இன்னொரு டிடர்ஜென்ட் சேர்த்து, சாதாரண உப்புப் போட்டுக் கெட்டியாக்கி, கலரும் வாசனையும் கொடுத்தால் ஷாம்பு ரெடி. காஸ்டிக் கொஞ்சம் கூடிப்போனால் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 10, 11 என்று ஏறிவிடும். தோலின் எண்ணெய்ப் பசையை அது உரித்துவிடும். தம்பிகளின் கை உரிவதற்கு ஆசிட் பாதிக் காரணம் என்றால் இது மீதிக் காரணமாக இருக்கலாம். பி.எச். பேப்பர் லேப் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும். வாங்கி, பயன்படுத்தும் அளவுக்குக் கரைத்த ஷாம்புவில் நனைத்துப் பாருங்கள். 6லிருந்து 8க்குள் இருந்தால் பாடி வாஷுக்குச் சரி. பத்தைத் தாண்டினால் அந்தக் கேன் வேண்டாம்.

ஆசிட் ஸ்லரியைக் குற்றவாளி என்று சொல்லிவிட மாட்டேன். 1950களில் இதற்கு முந்தைய தலைமுறை டிடர்ஜென்ட், கிளைகள் உள்ள மூலக்கூறு கொண்டது, ஐரோப்பிய ஆறுகளில் நுரையை மலைபோல் நிறுத்தியது. நுண்ணுயிர்களால் அதைத் தின்ன முடியவில்லை. 1961ல் மேற்கு ஜெர்மனி சட்டம் கொண்டுவந்தது, தொழிற்சாலைகளும் நேர்ச்சங்கிலி மூலக்கூறுக்கு மாறின. இன்று நம் ஊரில் கிடைக்கும் ஆசிட் ஸ்லரி பெரும்பாலும் அந்த நேர்ச்சங்கிலி வகைதான். காற்றோட்டம் இருக்கும் தண்ணீரிலும் மேல் மண்ணிலும் நன்றாகவே மக்கும். ஆனால் காற்று இல்லாத இடத்தில், அதாவது செப்டிக் டேங்கிலோ ஆழமான உறிஞ்சுகுழியிலோ, கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். பின்னால் ஒரு ஆழமான குழி வெட்டித் தண்ணீரை அதில் விட்டுவிட்டால் அந்த அம்மாவின் சத்தம் அடங்கும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நுரை கண்ணுக்கு மறையும், கிணற்றுக்கு இன்னும் கிட்டத்தில் போய்விடும்.

'மக்கும்' என்ற சொல்லை எல்லாக் கேனிலும் பார்ப்பீர்கள். எத்தனை நாளில், எவ்வளவு என்று இல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அளவுகோல் ஓ.இ.சி.டி. 301 என்ற சோதனை. 28 நாளில் குறைந்தது 60 சதவீதம் கரியமில வாயுவாகவும் நீராகவும் உடைய வேண்டும். அதுவும் காற்றோட்டமான நீரில் செய்யும் சோதனை என்பதை மறக்கக்கூடாது. அந்த சேல்ஸ்மேனிடம் 'எஸ்.டி.எஸ்.' என்ற பாதுகாப்புத் தாளைக் கேளுங்கள். 16 பகுதி இருக்கும். 3ல் என்னென்ன கலந்திருக்கிறது என்று இருக்கும், 9ல் பி.எச்., 12ல் நீருயிர்களுக்கு என்ன ஆகும், மக்குமா என்ற விவரம். தாள் தர மறுத்தாலோ, 12ம் பகுதியில் 'விவரம் இல்லை' என்று ஒரே வரி இருந்தாலோ, 'ஆர்கானிக்' என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் 220 ரூபாய் கொடுக்காதீர்கள்.

3ம் பகுதியில் ஆல்கைல் பாலிகுளுக்கோசைடு என்று இருந்தால் நல்ல சகுனம். சர்க்கரையையும் தேங்காய் அல்லது பனைக்கொட்டை எண்ணெயில் வரும் கொழுப்பு ஆல்கஹாலையும் சேர்த்துச் செய்வது, சீக்கிரம் மக்கும், காற்றில்லாத இடத்திலும் மக்கும், கையையும் அவ்வளவாக அரிக்காது. கோகோ பீட்டைன், ஆல்ஃபா ஓலிஃபின் சல்ஃபனேட், எஸ்.எல்.இ.எஸ். எல்லாம் ஏற்கத்தக்கவை. உங்கள் பக்கத்து போர் தண்ணீர் சப்பை, அதாவது உப்பும் கடினமும் கூடியது என்றால் இவை ஆசிட் ஸ்லரியைவிட நன்றாக வேலை செய்யும். வேண்டாதது, நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட். கடைக்காரர்கள் 'என்.பி.' என்பார்கள். உடைந்து நோனைல்ஃபீனாலாக மாறி மண்ணிலும் சேற்றிலும் தங்கும், மீன்களின் ஹார்மோனைக் குழப்பும். ஐரோப்பாவில் 2005 முதல் கழுவும் பொருட்களில் இதற்குத் தடை. பாஸ்பேட்டும் வேண்டாம், அது போய்ச் சேரும் குளத்தில் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். போராக்ஸ் கலந்ததும் உங்களுக்கு ஆகாது, போரான் கூடினால் பயிர் இலை கருகும்.

மண்பானைச் சின்னம் போட்ட எகோமார்க் என்று நம் நாட்டிலேயே 1991ல் இருந்து ஒரு முத்திரை இருக்கிறது. 2024ல் அதன் விதிகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். அந்தச் சின்னத்தோடு வந்தால் மகிழ்ச்சி. பச்சை இலை படம் மட்டும் இருந்தால் அது அச்சகத்துக்காரர் போட்டது.

மாமா சொன்ன பூந்திக்கொட்டை பற்றி. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், நாம் எல்லாரும் அரப்பும் சீயக்காயும் தேய்த்து வளர்ந்தவர்கள்தானே. ஆனால் அதில் நுரை தரும் சப்போனின் மீனுக்கு விஷம். மீன் குட்டையில் வேண்டாத மீனை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்குப் போடுகிறார்களே, அங்கே வேலை செய்வதும் சப்போனின்தான். அது மக்கிவிடும், அது உண்மை. ஆனால் ஊறவைத்த தண்ணீர் இரண்டு நாளில் புளித்துப்போகும், வண்டியில் படியும் டீசல் புகை எண்ணெயை எடுக்கும் சக்தியும் போதாது. வீட்டு வண்டிக்குச் செய்யலாம், நாளுக்குப் பதினைந்து வண்டிக்கு ஆகாது. இதேபோல 'ஆரஞ்சுத் தோல் எண்ணெய்' என்று ஒரு டிகிரீசர், அதாவது எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவம், வரும். வாசனை நன்றாக இருக்கும். அதில் உள்ள லிமோனின் நீருயிர்களுக்கு நஞ்சு, காற்றுப் பட்டுப் பழசானால் தோலில் அலர்ஜியும் கொடுக்கும். செடியில் இருந்து வந்தது என்பது ஒரு தகவல், அவ்வளவுதான்.

இனி, உங்கள் கடைக்கு மிக முக்கியமான விஷயம். எந்த சேல்ஸ்மேனும் இதைச் சொல்ல மாட்டார். வண்டி கழுவிய தண்ணீரில் ஷாம்புவைவிடக் கெட்டது எண்ணெயும் கிரீஸும் பிரேக் தூசியும்தான். அவற்றை ஒரு தொட்டியில் நிறுத்திப் பிடிக்கலாம். சேறு அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். ஆனால் எண்ணெயைக் கெட்டியாகக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் டிகிரீசரைப் பயன்படுத்தினால் எண்ணெய் மிதக்காது, தண்ணீரோடு கலந்து பால் மாதிரி ஆகித் தொட்டியைத் தாண்டிப் போய்விடும். 'மக்கும்' என்று சான்றிதழ் வாங்கிய சரக்கும் இதைச் செய்யும். நமக்கு வேண்டியது வண்டியில் இருந்து எண்ணெயைக் கழற்றிவிட்டு, தொட்டிக்கு வந்ததும் கையை விட்டுவிடும் வகை.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு லிட்டர் காலித் தண்ணீர் பாட்டில் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் முக்கால் பாகம் உங்கள் போர் தண்ணீர், இரண்டு ஸ்பூன் பழைய இன்ஜின் ஆயில், ஒரு பிடி மண். ஒன்றில் இப்போதைய ஷாம்பு, ஒன்றில் அந்த 220 ரூபாய் ஷாம்பு, ஒன்றில் நீங்கள் வாங்க நினைக்கும் டிகிரீசர், எல்லாம் வண்டிக்குக் கலக்கும் அதே விகிதத்தில். நான்காவதில் எதுவும் வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க. இருபது தடவை குலுக்கி நிழலில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து மேலே எண்ணெய் வளையம் தனியாக நின்று, நடுவில் தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தால் அந்தச் சரக்கு உங்கள் தொட்டியோடு ஒத்துப்போகும். பால் ஊற்றிய காபி மாதிரி அப்படியே நின்றால் வேண்டாம், விலை எதுவாக இருந்தாலும். சோதனை முடிந்ததும் பாட்டிலில் உள்ளதைப் பழைய ஆயில் டின்னில் ஊற்றுங்கள்.

டீசலும் இதனால்தான் கூடாது. ஒரு லிட்டர் டீசல் அடித்தால் ஒரு லிட்டரும் உங்கள் தோப்பு மண்ணுக்குத்தான். வண்டிக்கும் நல்லதில்லை, ரப்பர் புஷ் ஊதிப்போகும், அந்தப் பிசுக்கில் புழுதி இன்னும் வேகமாக ஒட்டும். முதலில் மரச் சட்டத்தால் கெட்டி கிரீஸைச் சுரண்டி எடுங்கள். அப்புறம் தண்ணீரில் கரையும் டிகிரீசரைத் தெளித்து, காயவிடாமல் மூன்று நான்கு நிமிடம் விட்டு பிரஷ் போடுங்கள். தரையில் சிந்திய எண்ணெயைத் தண்ணீர் அடித்து விரட்டாமல், உங்கள் ஊரில் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவைத் தூவி உறிஞ்சி அள்ளுங்கள். நன்றாக உறிஞ்சும். ஆனால் எண்ணெய் குடித்த நார்க்கழிவு உரக்குழிக்குப் போகக்கூடாது. மிதக்கும் எண்ணெயும் பழைய ஆயிலும் 2016ம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. தனி டின்னில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தொட்டி பெரிய வித்தை இல்லை. வரிசையாக மூன்று அறை. முதலாவதில் சேறு தங்கும். இரண்டாவதில் இருந்து தண்ணீர் வெளியே போகும் குழாயை எல்போ போட்டு அடிப்பக்கமாக எடுக்க வேண்டும், அப்போதுதான் மேலே மிதக்கும் எண்ணெய் பின்தங்கும். மூன்றாவதில் இருந்து ஜல்லி நிரப்பிய ஆழமில்லாத படுகைக்கு விட்டு, அதில் கல்வாழை நடுங்கள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நம் பாட்டிமார் கல்வாழை வைத்தார்களே, அதே வேலைதான். வேரைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்கும், அங்கே நுண்ணுயிர்கள் ஷாம்புவின் மிச்சத்தைத் தின்னும். படுகையைக் கிணற்றில் இருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். நிலத்துப் பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் எண்ணெய் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது மத்திய அரசின் வரம்பு. 1000 லிட்டர் தொட்டிக்கு 10 கிராம், ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் எண்ணெய்தான். எவ்வளவு குறைவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் இசைவு பற்றிக் கேட்கும்போது தொட்டியின் வரைபடத்தையும் காட்டிவிடுங்கள், கட்டிய பிறகு இடிப்பதைவிட அது மேல்.

தென்னை உப்பைத் தாங்கும் மரம். நடும்போது குழியில் உப்புப் போடுகிறவர்கள் நாம். அதனால் மரம் நன்றாகத்தானே நிற்கிறது என்று தோன்றும். காஸ்டிக்கிலும் உப்பிலும் இருந்து வரும் சோடியம் மண்ணின் கட்டுமானத்தை வருடக்கணக்கில் குலைக்கும், தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே தேங்கும். இடையில் ஜாதிக்காயோ கோகோவோ போட்டிருந்தால் அவை முதலில் சொல்லிவிடும்.

கட்டுப்படியாகுமா என்று கேட்டீர்கள். மாதம் 70 லிட்டர், ஏறக்குறைய 400 வண்டி. வண்டிக்கு 175 மில்லி, 8 ரூபாய் ஆகிறது. தம்பி, 175 மில்லி மிக அதிகம். மூடியைத் திறந்து கண்ணளவில் ஊற்றுகிறார்கள். நல்ல சரக்காக இருந்தால் வண்டிக்கு ஒரு 10 லிட்டர் பக்கெட், அதற்கு 30 மில்லி போதும், 220 ரூபாய் விலையிலும் அது 6 ரூபாய் 60 காசுதான். ஒரு 30 மில்லி அளவு மூடியைக் கேனோடு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நுரை குறையும். நுரை வேறு, அழுக்கு எடுக்கும் சக்தி வேறு. ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கு நுரை குறைந்த பவுடர்தான் போடுகிறோம், துணி அழுக்காகவா வருகிறது? கஸ்டமர் கேட்டால் இதையே சொல்லுங்கள். முதலில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று மட்டும் வாங்கி, பாட்டில் சோதனை முடிந்த பிறகு பெரிய கேனுக்குப் போங்கள்.

டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ் எல்லாம் தண்ணீர் கலந்த வகையாக வாங்கினால் போதும். அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தம்பிகளுக்கு நைட்ரைல் கையுறை மட்டும் நாளைக்கே வாங்கிவிடுங்கள்.

பக்கத்துத் தோட்டத்து அம்மாவைப் போய்ப் பாருங்கள். அவர் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்க உங்கள் செலவில் கொடுங்கள். வழக்கமான கடினத்தன்மை, உப்பு மட்டும் போதாது. டிடர்ஜென்ட்டும் மினரல் ஆயிலும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், அவர்களிடம் அந்த வசதி இல்லையென்றால் கோவையில் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் செய்யும். குடிநீரில் டிடர்ஜென்ட் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குள்ளும் மினரல் ஆயில் 0.5க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். முடிவு வரும்வரை அவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். உங்கள் கடைக்குத் தண்ணீர் கேன் போடும் வண்டியிடம் சொல்லி, அவர் வீட்டிலும் நாளுக்கு இரண்டு கேன் இறக்கச் சொல்லுங்கள்.